ஸ்கேன் சொல்லும் நாலு கிலோ

கேள்வி: வயது 27, தலைப்பிரசவம். 38 வாரம் முடிந்து கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஸ்கேனில் குழந்தை 4 கிலோ என்று வந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை இல்லை. ‘மருந்து வைத்து வலி வரவைக்கலாம், இல்லையென்றால் நாள் குறித்து ஆபரேஷன் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள்’ என்கிறார் டாக்டர். அத்தை ஜோசியரிடம் நேரமே குறித்து வாங்கிவிட்டார். அம்மாவோ, ‘ஆச்சி ஒன்பது பெற்றாள், எல்லாம் வீட்டில்தான்’ என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: ஆச்சி பெற்ற ஒன்பதில் ஒன்றைக்கூட யாரும் எடை போட்டிருக்கமாட்டார்கள். அந்தக் கதை இருக்கட்டும்.

ஸ்கேனில் குழந்தையை நிறுப்பதில்லை. தலை, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். அது நூற்றுக்கு 10, 15 முன்னே பின்னே போகும். உங்கள் 4 கிலோ 3.4 ஆகவும் இருக்கலாம், 4.6 ஆகவும் இருக்கலாம். நான் பணியில் இருந்தபோது, 4.2 கிலோ என்ற ஸ்கேன் தாளைக் கையில் பிடித்து அழுதபடி வந்த பெண்ணுக்கு 3.6 கிலோவில் பிறந்தது. நர்ஸ் நம்பாமல் தராசின் முள்ளை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

டாக்டர்களுக்கு உள்ள பயம் தோளைப் பற்றியது. தலை வந்த பிறகு தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றை அழுத்தித் தோளை விடுவிப்போம். பெரும்பாலும் நல்லபடியாக வந்துவிடும். சில குழந்தைகளுக்குக் காறை எலும்பு முறியும், கை நரம்பு பாதிக்கப்படும். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தையின் தோளில் கொழுப்பு சேர்ந்து இந்த ஆபத்து கூடுகிறது. ஆறாம் மாதம் குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததோடு சரி என்றால், இப்போது மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல், சர்க்கரை உள்ளவருக்கு 4.5 கிலோ, இல்லாதவருக்கு 5 கிலோ என்று மதிப்பிட்டால்தான் திட்டமிட்ட சிசேரியனைப் பற்றிப் பேசச் சொல்கிறது. நம் பெண்களின் உடல்வாகைப் பார்த்து இங்குள்ள டாக்டர்கள் அதற்கு முன்பே யோசிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் 4 கிலோ என்ற எண்ணுக்காக மட்டும் கத்தியை எடுக்க எனக்கு மனம் வராது. அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறதே. செய்வதானாலும் 39 வாரம் முடியட்டும். முந்தினால் குழந்தை மூச்சுக்குத் திணறலாம்.

வலி வரவைப்பதும் சுலபமான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய் இளகியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இளகவில்லை என்றால் ஜெல் வைத்து, பிறகு டிரிப்ஸில் மருந்து ஏற்றி, தலைப்பிரசவத்துக்கு ஒரு நாள், ஒன்றரை நாள்கூட ஆகும். கடைசியில் ஆபரேஷனில் முடிவதும் உண்டு. ஆனால் பெரிய குழந்தை என்று வலி வரவைத்தவர்களிடம் சிசேரியன் கூடவில்லை, தோள் மாட்டுவதும் எலும்பு முறிவதும் குறைந்தன என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. டாக்டர் சொல்லாத மூன்றாவது வழியும் இருக்கிறது: சில நாள் காத்திருந்தால் வலி தானாகவே வரலாம்.

என்னைக் கேட்டால், 39 வாரம் முடிந்து, வாயும் இளகியிருந்தால் மருந்து வைக்கச் சம்மதியுங்கள். இளகாமல், மறு ஸ்கேனிலும் எடை 4.5 பக்கம் போனால் ஆபரேஷனுக்கும் தயங்க வேண்டாம். எதுவானாலும், இரவு இரண்டு மணிக்கும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், குழந்தை டாக்டர் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டரைத் திருநெல்வேலியிலிருந்து போன் போட்டு வரவழைக்கும் இடம் என்றால், வலி வரும் முன்பே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போய்விடுவது மேல்.

அத்தை குறித்து வாங்கிய நேரம் அவர் கையிலேயே இருக்கட்டும். குழந்தையின் அசைவு குறைந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ உடனே கிளம்பிவிடுங்கள், அது ராகு காலமாகவே இருந்தாலும்.