ஒரு தோட்டா மாதிரியே அடுத்த தோட்டா: வாசகர் கேள்வி – பதில்

ராணுவத்தில் 22 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்த்துக் குறியைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊரான கண்டனூரில் வசிப்பவர் பதில் சொல்கிறார்.

கே: அண்ணே, என் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். மான் வேட்டைக்கு உரிமம் எடுத்து ரைஃபிளும் வாங்கியிருக்கிறான். இப்போது தோட்டாவையும் கார் நிறுத்தும் அறையில் உட்கார்ந்து அவனே அடைக்கிறான். "கடைத் தோட்டாவைவிட இது குறி தப்பாது ஆத்தா" என்கிறான். நிஜமா? வீட்டுக்குள் வெடிமருந்து வைத்து வேலை செய்வது எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தேவகோட்டை

ப: உங்கள் மகன் சொல்வது நிஜம்தான் ஆச்சி. நீங்கள் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

கடைத் தோட்டா, அந்த அளவில் செய்த எல்லா ரைஃபிளிலும் நுழைய வேண்டும், எல்லாவற்றிலும் வெடிக்க வேண்டும். அதனால் கொஞ்சம் தளர்வாகவே செய்வார்கள். ஆனால் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு ரைஃபிளை எடுத்தாலும், தோட்டா உட்காருகிற அறை மயிரிழை வித்தியாசப்படும். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து, அந்த அறையின் சுவரோடு ஒட்டி, அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் கூட்டையே பொறுக்கிச் சுத்தம் செய்து, கழுத்தை இறுக்கி, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, பாய்ந்து போகிற குண்டை நுனியில் பொருத்தினால் அது அந்த ஒரு ரைஃபிளுக்கென்றே அமைந்த தோட்டா. அளவு ரவிக்கை கொடுத்துத் தைக்கிற மாதிரி.

இதில் முக்கியமானது நிறுவை. மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். நம்மூர்ப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணியில் சுமார் பாதி. நல்ல கைக்காரர் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் போடுவார். தோட்டா அதிக சக்தியோடு பாய வேண்டும் என்பதற்காக அல்ல, முதல் தோட்டா எப்படியோ இருபதாவதும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக. துல்லியம் என்று நாங்கள் சொல்வது இந்த ஒரே மாதிரித்தன்மையைத்தான்.

சரி, பயத்துக்கு வருகிறேன். 2018இல் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அவர்களும் டெக்சாஸ்தான். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைக்கத் தனி உரிமம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெல்டிங் வேலை செய்பவர், முப்பது வருஷமாகத் தோட்டா அடைப்பவர். அவர் மேஜையைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா, மற்றதெல்லாம் அலமாரியில் பூட்டியிருக்கும். இரண்டு மருந்து கலந்துபோனால் குழலே வெடிக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. மருந்து போடும்போது யார் கூப்பிட்டாலும் பேச மாட்டார், டி.வி. ஓடாது. ஐம்பது கூட்டிலும் போட்டு முடித்த பிறகு டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார். ஒன்றில் இரண்டு தடவை விழுந்திருந்தால் துப்பாக்கியும் முகமும் போகும். ஒன்றில் விழாமலே போனால் பிரைமரின் உதை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதுவும் ஆபத்து.

உங்கள் மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மருந்து தயாரித்த நிறுவனம் வெளியிட்ட அளவுப் புத்தகம் வைத்திருக்கிறானா? அதில் போட்டிருக்கிற உச்ச அளவில் தொடங்காமல் பத்து சதவீதம் குறைவாகத் தொடங்கினானா? சுட்ட பிறகு குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறக்கக் கை வலித்தாலோ, பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ அந்த அளவை உடனே கைவிடுகிறானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். இல்லை என்றால் நான் எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்புங்கள்.

கே: ஐயா, அம்மாவின் கடிதத்தோடு என் கேள்வியையும் அனுப்புகிறேன். என்னுடையது .308 ரைஃபிள். ஒரு மருந்தளவில் 100 கஜத்தில் மூன்று குண்டும் முக்கால் அங்குலத்துக்குள் விழுந்தன. மறுவாரம் அதே தோட்டா ஒன்றரை அங்குலம் பரவியது. இனி மருந்தை மாற்றுவதா, குண்டு உட்காரும் ஆழத்தை மாற்றுவதா?
– மேற்படி வாசகியின் மகன்

ப: இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள் தம்பி. உங்களை ஏமாற்றியது தோட்டா அல்ல, மூன்று என்கிற எண்ணிக்கை.

மூன்று குண்டில் சராசரியாக 25 மில்லிமீட்டர் பரவுகிற ரைஃபிள், எந்த மாற்றமும் செய்யாமல், ஐந்து குண்டில் சராசரி 32 வரை பரவும், பத்து குண்டில் 40 வரை போகும். அது ரைஃபிளின் குணம் மாறியதால் அல்ல. அதிகம் சுடச் சுட ஓரத்தில் விழுகிற குண்டுகளும் கணக்கில் வந்துவிடுகின்றன. அதுவும் சராசரிதான். ஒரு மூன்று மிக நெருக்கமாக விழலாம், அடுத்த மூன்று அதைவிட இரண்டு மடங்கு பரவலாம். முக்கால் அங்குலத்தில் விழுந்த குறி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றரை அங்குல அட்டையைக் கிழித்துப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே அளவில் குறைந்தது பத்து குண்டு சுடுங்கள், குழல் சூடேறாமல் இடைவெளி விட்டு. பத்து ஓட்டையும் அட்டையில் இருக்கட்டும்.

அதற்கும் முன்னால் ரைஃபிளைப் பாருங்கள். இதில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வெல்டிங்காரருடைய ரைஃபிளை நானும் சுட்டுப் பார்த்தேன். ஒரு மருந்தளவுதான் நன்றாகப் போகிறது என்று உறுதியாகச் சொன்னேன். அவர் என் பேச்சை நம்பி அந்த அளவில் அறுபது தோட்டா அடைத்தார். அவை கண்ட இடத்தில் விழுந்தன. இரண்டு வாரம் அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். கடைசியில் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் முன்பக்கத் திருகு ஆணியை விரலால் தொட்டேன், கால் சுற்று தானாகத் திரும்பியது. ராணுவத்தில் என் கைக்கு வந்த ஒவ்வொரு துப்பாக்கியிலும் முதலில் திருகு ஆணியைத்தான் பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் இரண்டு வார உழைப்பு என்னால் வீணானது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே முதலில் திருகு ஆணிகள். அப்புறம் குழலைத் தாங்கும் கட்டை. ஒரு டாலர் நோட்டை மடிக்காமல் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, முன்னாலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டே போங்கள். குழல் கட்டையில் படாதபடி அமைத்த ரைஃபிளில் நோட்டு தடையில்லாமல் போக வேண்டும். மரக்கட்டை ஈரக்காற்றில் உப்பும், வெயிலில் சுருங்கும். நம்மூர் நிலைக்கதவு மழைக்காலத்தில் இறுகுகிற மாதிரிதான். போன வாரம் படாத இடத்தில் இந்த வாரம் பட்டால் குண்டு வேறு பக்கம் போகும். மூன்றாவது குழலின் வாய். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளம் முடிகிற அந்த விளிம்பில் சின்ன வெட்டு இருந்தாலும், குண்டு வெளியேறும் நொடியில் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். சுத்தம் செய்யும் கம்பியை முன்பக்கத்திலிருந்து விட்டு உரசியே பலர் அந்த விளிம்பைக் கெடுக்கிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் தோட்டாவுக்கு வருவோம். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி வாங்கியவர்கள் எல்லாரும் வேக வித்தியாசத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உங்கள் ரைஃபிளில் ஒரு குண்டு நொடிக்கு 15 மீட்டர் மெதுவாகப் போனால், 100 மீட்டரில் அது சுமார் 3 மில்லிமீட்டர் கீழே விழும். 300 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டர். பக்கவாட்டில் பரவினால் அதற்கு வேகம் காரணமே இல்லை. ஆகவே அட்டையில் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டிருக்கின்றனவா, பக்கவாட்டிலா என்று பார்த்த பிறகே மருந்துத் தராசைக் குறை சொல்லுங்கள்.

ஆழத்தைப் பொறுத்தவரை, குண்டு வரிப்பள்ளத்தைத் தொடுவதற்கு முன் எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்பதுதான் விஷயம். சில குண்டுகளுக்கு அந்தத் தூரம் மிக முக்கியம், சிலவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. போட்டிக்குச் சுடுபவர்கள் பள்ளத்தைத் தொடும்படியே வைப்பதைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள். அழுத்தம் ஏறும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினில் அடங்காமல் போகலாம். அதோடு, சுடாமல் வெளியே எடுக்கும்போது குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டு மருந்து முழுக்க உள்ளே கொட்டிவிடலாம். காட்டில் அந்த நிலை வந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. வேட்டைத் தோட்டா முதலில் தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும், நெருக்கமாக விழுவது அதற்கு அடுத்தபடிதான். வேட்டைக்கு அடைப்பவர்களிடம், கூட்டைக் கழுத்தில் மட்டும் இறுக்காமல் முழு நீளத்துக்கும் அச்சில் விட்டு இறுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வெப்பத்தையும் எழுதுங்கள். வெயிலில் காருக்குள் கிடந்த தோட்டா அதிக அழுத்தம் காட்டும்.

இன்னொன்று. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். உங்கள் ஒன்றரை அங்குல ரைஃபிள் 200 மீட்டரில் ஒன்பது சென்டிமீட்டருக்குள் போடும். அந்த மிருகம் துடிக்காமல் சாக அது போதும். மேஜையில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுடுவதைக் குறைத்து, மண்டியிட்டும் உட்கார்ந்தும், குளிர்ந்த குழலில் அந்த முதல் குண்டு எங்கே போகிறது என்று பழகுங்கள். காயம்பட்டு ஓடுகிற மானுக்கு உங்கள் முக்கால் அங்குல அட்டையால் ஒரு பயனும் இல்லை.

கே: எங்கள் ஐயா காலத்து .315 ரைஃபிள் ஒன்றும் ஒரு பெட்டித் தோட்டாவும் பெட்டகசாலையில் கிடைத்தன. தோட்டா பச்சை பூத்திருக்கிறது. பிரித்துப் புது மருந்து போட்டால் பழையபடி குறி அடிக்குமா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

ப: பிரிக்காதீர்கள், சுடாதீர்கள். முதல் வேலை காவல் நிலையம். உரிமம் வைத்திருந்தவர் காலமான பிறகு ஆயுதம் வீட்டில் இருப்பது சட்டப்படி சரியல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வைத்துக்கொள்ள விரும்பினால் வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டா தயாரிப்பதற்கும் அதே சட்டத்தில் உரிமம் வேண்டும், ஆகவே டெக்சாஸ் தம்பிக்குச் சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. வேட்டையையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

ஆனால் அந்த ரைஃபிள்மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் .315 வேட்டைக்காரர்களின் தோட்டாவாக இங்கே பரவியது. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் இந்த ரைஃபிளைச் செய்தார்கள். உரிமம் கைக்கு வந்த பிறகு குழலைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிரைமர்கள் பலவும் சுட்ட பிறகு குழலில் ஒருவகை உப்பைப் படியவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். தொண்டிக் கடற்காற்று எட்டுகிற நம் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவி, துணி விட்டுத் துடைத்து, பிறகுதான் எண்ணெய். உங்கள் ஐயா எண்ணெய் மட்டும் போட்டு வைத்திருந்தால், குழல் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். அப்படியென்றால் எந்தத் தோட்டா போட்டாலும் பழைய குறி திரும்பாது.

கே: துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்து ஆசைப்பட்டு ஏர் ரைஃபிள் பழகுகிறேன். மற்றவர்களுக்கு நன்றாகப் போகிற பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) எனக்குச் சரியாகப் போவதில்லை. நானும் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி

ப: முடியும் அம்மா. உனக்கு மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை. ஆனால் பொறுக்கி எடுக்கும் வேலை இருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டையே தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று பிரித்து விற்கிறார்கள். உன் குழலுக்கு எது பிடிக்கும் என்பதை உன் குழலில் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரைஃபிளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் சாதனம் உன் பயிற்சியாளரிடம் இருந்தால், ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாகச் சுடு. நன்றாகப் போகிற டப்பாவின் பின்னால் உள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னும் சில டப்பா வாங்கி வை. பாவாடை மாதிரி விரிந்த பின்பகுதி நசுங்கிய பெல்லட்டைப் பயிற்சிக்குக்கூடப் போடாதே.

பின்னால் 50 மீட்டர் .22க்குப் போனாலும் இதே வேலைதான். அந்தத் தோட்டாவில் தனி பிரைமர் இல்லாமல், பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி அடைக்க முடியாது. பெரிய போட்டியாளர்கள்கூடப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

கே: என் பேரன் ஏர் கன்னால் கண்மாயில் கொக்கு சுடுகிறான். குறி நன்றாக இருக்கிறதே என்று அவனுடைய அப்பாவும் சும்மா இருக்கிறார்.
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

ப: கொக்கு சட்டம் காக்கும் பறவை. ஏர் கன்னால் சுட்டாலும் வேட்டைதான், வழக்கு வரும். ஆனால் நீங்கள் இருக்கும் ஊருக்குச் சட்டத்தைவிடப் பெரிய சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டியும் எத்தனை தூரம்? கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்கள் அவை. 1977இல் அரசு சரணாலயம் என்று அறிவித்தது. வருகிற ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார வையுங்கள், குஞ்சுக்கு இரை கொண்டுவரும் நாரையைப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் பின்கட்டுச் சுவரில், பின்னால் மணல் மூட்டை அடுக்கி, ஒரு காகித அட்டையை மாட்டிக் கொடுங்கள். பத்து குண்டு சுட்டு, பத்து ஓட்டையையும் அளந்து எனக்கு எழுதச் சொல்லுங்கள். நான் பதில் போடுகிறேன்.