‘மேற்படி’ போடத் தெரிந்த போன்: அப்லிங்க் சுருக்கம் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. படம் நொடியில் இறங்குகிறது, ஏற்றும்போது மட்டும் ஏன் இந்தத் திணறல்? போனிலிருந்து டவருக்குப் போகும் அந்தப் பாதையைத்தான் அப்லிங்க் என்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

திருமண நிகழ்ச்சிகளைப் படமெடுப்பது என் தொழில். மண்டபத்திலிருந்தே இருநூறு படங்களை அனுப்பச் சொல்கிறார்கள்; பாதியிலேயே நின்றுவிடுகிறது. நெட்வொர்க்கே தரவைச் சுருக்கி அனுப்பும் வசதி வந்திருக்கிறதாமே, எனக்கு உதவுமா?

உதவாது. நீங்கள் அனுப்பும் ஜேபெக் படம் ஏற்கெனவே நன்றாகப் பிழியப்பட்ட துணி. அதை மறுபடி முறுக்கினால் இரண்டு சொட்டு விழலாம், அவ்வளவுதான்.

உங்கள் சிக்கலின் வேர் வேறு. சாதாரண போனின் ஒலிபரப்புத் திறன் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். டவரில் இருக்கும் கருவியோ 40 வாட், 80 வாட் என்று பேசுகிறது. டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும். நீங்கள் முணுமுணுப்பது அதற்குக் கேட்க வேண்டுமே. போதாக்குறைக்கு, 5ஜியில் பரவலாக உள்ள ஓர் அமைப்பில் ஐந்து நேரத்துண்டுகளில் மூன்று டவுன்லிங்குக்கு, ஒன்று கலப்பு, ஒன்றே ஒன்றுதான் அப்லிங்குக்கு.

நான் சொல்லும் வைத்தியம் அலுப்பூட்டும். மண்டபத்தின் நடுவிலிருந்து எழுந்து ஜன்னலோரம் போங்கள். சிக்னல் மோசமாக இருக்கும்போது ஒரு ரேடியோக் குறியீட்டுக்கு (சிம்பல்) 2 பிட் மட்டுமே ஏற்றி அனுப்பும் போன், நல்ல இடத்தில் 6 பிட் ஏற்றும். மூன்று மடங்கு லாபம். எந்தச் சுருக்க முறையும் உங்கள் படங்களுக்கு அதைத் தராது.

பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி நான். யூடிசி என்ற அப்லிங்க் தரவுச் சுருக்கம் ‘டிஃப்ளேட்’ முறையில் இயங்குகிறது என்று படித்தேன். ஜிப் கோப்பிலும் அதேதானே? அப்படியானால் புதிதாக என்ன இருக்கிறது?

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய மளிகைக் கடைக் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே வீட்டுக்கு ஒரே சரக்கு மறுநாளும் போனால் கடைக்காரர் முழுதாக எழுத மாட்டார். ‘மேற்படி’ என்று போட்டுவிட்டு, மாறிய எடையை மட்டும் குறிப்பார். யாக்கோப் சிவ், ஆபிரகாம் லெம்பெல் இருவரும் 1977-இல் வெளியிட்ட முறையின் சாரம் இந்த ‘மேற்படி’தான்: ‘இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட்டை எடுத்து இங்கே போடு.’ அடிக்கடி வரும் குறிகளுக்குக் குட்டையான பிட் வரிசை தருவது ஹஃப்மன் 1952-இல் சொன்ன வழி. இரண்டையும் சேர்த்துக் கட்டியது டிஃப்ளேட்; 1996-இல் ஆர்எஃப்சி என்ற இணைய நெறி ஆவண வரிசையில் 1951-ஆம் எண்ணாக வெளியானது.

ஜிப் செய்யும்போது முழுக் கோப்பும் கையில் இருக்கிறது. போனுக்கு அந்த வசதி இல்லை. பாக்கெட் வரவர அனுப்பியாக வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகச் சுருக்கினாலோ, நூறு பைட்டுக்குள் ‘மேற்படி’ போட என்ன கிடைக்கும்? ஆகவே யூடிசியில் போனும் டவரும் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்கின்றன. கடைசியாகப் போன பாக்கெட்டுகளின் சுருக்காத வடிவம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். புதிய பாக்கெட் பழைய பாக்கெட்டுகளைச் சுட்டிக்காட்டியே சுருங்குகிறது. நோட்டின் அளவு 2, 4 அல்லது 8 கிலோபைட். ஜிப்பின் 32 கிலோபைட்டோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் ஒரு டவர் நூற்றுக்கணக்கான போன்களுக்கு நோட்டு வைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

முதல் பாக்கெட் போகும்போது நோட்டு வெறுமையாக இருக்குமே? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஓர் அகராதியை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். அழைப்பு ஏற்படுத்தும் சிப் (SIP) நெறிமுறையின் செய்திகளில் அடிக்கடி வரும் சொற்களுக்கென்றே 2003-இல் ஆர்எஃப்சி 3485 ஓர் அகராதி கொடுத்தது, அதைப் பயன்படுத்தலாம். நிறுவனம் தானே ஒன்றைத் தயாரித்தும் வைக்கலாம்.

யூடிசி எல்டிஇயில், அதாவது 4ஜியில், மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 15-ஆம் வெளியீட்டில் வந்தது. 5ஜி ரேடியோவுக்கு 17-ஆம் வெளியீட்டில் சேர்ந்தது. போன்-டவர் இணைப்பின் பிடிசிபி என்ற அடுக்கில், மறையாக்கத்துக்கு (என்கிரிப்ஷன்) முன்னால் நடக்கிறது. அந்த ‘முன்னால்’ என்ற சொல்லைத் தேர்வில் அடிக்கோடிட்டு எழுதுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

என் அலுவலகப் போனில் எல்லாமே எச்டிடிபிஎஸ், அதற்கு மேல் ஒரு விபிஎன். இந்தச் சுருக்கத்தால் எனக்கு ஏதாவது பலன் உண்டா?

ஏறக்குறைய இல்லை. மறையாக்கம் தன் வேலையைச் சரியாகச் செய்தால் வெளியே வருவது தற்செயல் எண்களைப் போல இருக்கும். அதில் எந்த வரியும் திரும்ப வராது. ‘மேற்படி’ போட இடமே இல்லை. டவருக்கும் போனுக்கும் இடையிலான மறையாக்கம் யூடிசிக்குப் பின்னால் நடப்பதால் அது தொந்தரவில்லை. ஆனால் செயலியே மறையாக்கிக் கொடுத்துவிட்ட தரவை யூடிசி என்ன செய்யும்?

‘அப்படியானால் எச்டிடிபிஎஸ் உள்ளேயே சுருக்கிவிட்டுப் பிறகு மறையாக்கலாமே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்து பார்த்துச் சூடுபட்டுக்கொண்டதுதான். 2012-இல் வெளியான ‘கிரைம்’ தாக்குதல், சுருங்கிய நீளத்தை மட்டும் பார்த்தே குக்கீயில் உள்ள ரகசியத்தை எழுத்து எழுத்தாக ஊகிக்க முடியும் என்று காட்டியது. நம் ஊகம் ரகசியத்தோடு ஒத்துப்போனால் ‘மேற்படி’ விழும், நீளம் குறையும். அந்தக் குறைவே கோள் சொல்லிவிடும். எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கத்தைச் செய்யும் டிஎல்எஸ் நெறிமுறை, 2018-இல் வந்த 1.3 பதிப்பில் சுருக்கத்தையே கைவிட்டுவிட்டது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். யூடிசி நல்ல பொறியியல். ஆனால் பந்தி முடிந்த பிறகு இலை போட்டதுபோல வந்தது. இணையப் போக்குவரத்து வெற்று எழுத்தாக ஓடிய காலத்தில், பத்து ஆண்டுகள் முன்னதாகவே வந்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். ஓர் ஆய்வகத்தில் ஒருமுறை, ‘அப்லிங்க் திறன் மூன்று மடங்கு’ என்று பெருமையாக ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். சோதனை மென்பொருள் எதை அனுப்புகிறது என்று கேட்டேன். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒரே எண் வரிசை, திரும்பத் திரும்ப! போனில் இருந்த படங்களை அனுப்பிப் பாருங்கள் என்றேன். வரைபடம் படுத்துவிட்டது.

டவுன்லோடு வேகம் குறைவதற்கும் அப்லிங்க் காரணமாக இருக்க முடியுமா?

முடியும். பலர் கவனிக்காத இடம் இது. சுருக்கம் இன்னும் உண்மையாகவே பயன்படும் இடமும்கூட.

தரவு தொலையாமல் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறையில், கோப்பு இறங்க இறங்க ‘கிடைத்தது, கிடைத்தது’ என்று போன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாடநூல் கணக்குப்படி இரண்டு பாக்கெட்டுக்கு ஓர் ஒப்புகை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 1,500 பைட் பாக்கெட்டுகள் நொடிக்கு 8,300 வரும். ஒப்புகைகள் 4,150-ஐத் தாண்டும். ஒவ்வொன்றும் 52 பைட் என்றால் அப்லிங்கில் 1.7 மெகாபிட் இதற்கே போய்விடும். டவரின் எல்லை ஓரத்தில் உங்களுக்கு அப்லிங்கே 1 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால், டவர் எவ்வளவு வாரி வழங்கினாலும் டவுன்லோடு 60 மெகாபிட்டைத் தொடாது.

அந்த 52 பைட்டை உற்றுப் பாருங்கள். அனுப்புநர் முகவரி மேற்படி, பெறுநர் முகவரி மேற்படி, போர்ட் எண்கள் மேற்படி. ஒப்புகை எண்ணின் கடைசிச் சில பைட்டுகள், நேரமுத்திரை, சரிபார்ப்புத் தொகை ஆகியவைதான் மாறுகின்றன. உள்ளே போகும் தரவு எச்டிடிபிஎஸ் ஆக இருந்தாலும் பாக்கெட்டின் முன்னால் ஒட்டியிருக்கும் இந்தத் தலைப்பு (ஹெடர்) மூடப்படுவதில்லை. ஆகவே இது நன்றாகச் சுருங்கும்.

ஆனால் யூடியூப் போன்றவை பயன்படுத்தும் க்விக் நெறிமுறை ஒப்புகையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. மிஞ்சுவது முகவரியும் போர்ட் எண்ணும் சுமக்கும் ஐபி, யூடிபி தலைப்புகளின் 28 பைட்டும் சில்லறையும்தான். பந்தி பற்றிச் சொன்னேனே, அதன் தொடர்ச்சி.

கிராமத்தில் வீட்டுக்குள் இருந்தால் வோல்டிஇ அழைப்பில் என் குரல் மட்டும் எதிர்முனைக்கு விட்டுவிட்டுக் கேட்கிறதாம். அதற்கும் சுருக்கம் உண்டா?

உண்டு, நியாயமாக இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். குரலுக்கு யூடிசி அல்ல, ரோக் எனப்படும் ஹெடர் சுருக்கம். 2001-இல் ஆர்எஃப்சி 3095 ஆக வந்தது.

நீங்கள் பேசுவது 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. 12.2 கிலோபிட் ஏஎம்ஆர் முறையில் ஒரு துண்டின் குரல் சுமார் 32 பைட். அதன் தலையில் ஏறும் ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். ஐபியின் 6-ஆம் பதிப்பு என்றால் 60. ஆளைவிட மூட்டை பெரிது! ரோக் அந்த 40 பைட்டைப் பெரும்பாலான நேரம் மூன்று பைட்டுக்குள் அடக்கிவிடும். 72 பைட் 35 ஆகிறது. அதே 200 மில்லிவாட்டை வைத்துப் பாதி பிட்டுகளை அனுப்பினால் போதும் என்பதால், ஒவ்வொரு பிட்டுக்கும் கூடுதல் சக்தி கிடைக்கிறது. சுவருக்கு உள்ளிருந்து பேசும் குரல் டவரை எட்டுவதற்கு அந்தக் கூடுதல் பெரிய விஷயம்.

இதற்காக நீங்கள் அமைப்புகளில் எதையும் தேட வேண்டாம். போனும் டவரும் தாமாகவே பேசி முடிவு செய்துகொள்ளும். இதன் பிறகும் குரல் விட்டுப்போனால் வைஃபை வழி அழைப்பை இயக்கிப் பாருங்கள்.

நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு ‘நோட்டு’களும் ஒத்துப்போகாதே?

போகாது. அதற்குப் பிறகு விரிப்பது எல்லாம் குப்பையாகிவிடும். ஆகவே யூடிசியை, தொலைந்ததை மீண்டும் அனுப்பிப் பெறும் ஆர்எல்சி ஒப்புகை முறையில் மட்டுமே இயக்குகிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒரு பைட் தலைப்பு உண்டு. ‘இது சுருக்கியது’ என்று சொல்ல ஒரு பிட், ‘நோட்டைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன்’ என்று சொல்ல ஒரு பிட், இரண்டு காலி, மீதி நான்கும் நோட்டின் நிலையைச் சரிபார்க்க. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் டவர் போனுக்குத் தகவல் அனுப்பும். போன் நோட்டைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும்.

முதல் பிட்டின் அருமையைக் கவனித்தீர்களா? சுருங்காது என்று தெரிந்த பாக்கெட்டைப் போன் அப்படியே அனுப்பிவிடலாம். நஷ்டம் ஒரே ஒரு பைட்.

மண் ஈரம் அளக்கும் கருவி செய்கிறோம். சிறு கருவிகளுக்கான என்பி-ஐஓடி மொபைல் இணைப்பு. மின்கலம் சொன்ன காலத்தில் பாதிகூட வருவதில்லை. நெட்வொர்க் நிறுவனத்திடம் சுருக்கத்தை இயக்கச் சொல்லலாமா?

அவர்களிடம் போகும் முன் உங்கள் சொந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் இணைத்த மாதிரியில் கருவி எண், வெப்பம், ஈரம், மின்னழுத்தம் எல்லாம் பெயரோடும் மேற்கோள்குறியோடும் ஜேசன் எழுத்தாகப் போகின்றன; ஐம்பது பைட்டை ஒட்டி வருகிறது. பெயர் எதற்கு? எந்த இடத்தில் எது என்று இரு முனைக்கும் தெரிந்தால் போதும். 31.4 பாகையை 314 என்று முழு எண்ணாக்கினால் இரண்டு பைட். ஈரம் ஒன்று, மின்னழுத்தம் இரண்டு, கருவி எண் ஒன்று. மொத்தம் ஆறு. இரு முனையும் பேசிவைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் சிறந்த சுருக்கம்.

அடுத்து, ஒவ்வொரு அளவீட்டுக்கும் புதிதாக டிசிபி, டிஎல்எஸ் இணைப்பு தொடங்குகிறீர்கள். ஆறு பைட்டைக் கொடுக்க ஆயிரக்கணக்கான பைட் கைகுலுக்கல்! கைகுலுக்கல் கேட்காத யூடிபிக்கு மேல், சிறு கருவிகளுக்கான கோஆப் நெறிமுறைக்கு மாறுங்கள். அதன் தலைப்புகளையும் குறைக்க, 2020-இல் ஆர்எஃப்சி 8724 ஆக வந்த ஷீக் முறை இருக்கிறது. என்பி-ஐஓடியில் சிக்னல் மோசமான இடத்தில் ஒரே தரவு 128 முறை வரை திரும்ப அனுப்பப்படலாம். ஒரு வீண் பைட்டின் விலை அத்தனை மடங்கு ஏறுகிறது. உங்கள் மின்கலத்தைத் தின்பது இதுவாகத்தான் இருக்கும்.

சுருக்கி அனுப்பினால் என் தினசரி டேட்டாவில் மிச்சமாகுமா?

ஆகாது. டவரிலேயே விரித்துவிடுகிறார்கள். உங்கள் கணக்கை எண்ணும் கருவி அதற்கும் பின்னால், மையத்தில் இருக்கிறது. அது பார்ப்பது விரித்த அளவைத்தான்.