‘டூக்கி’யும் பெரிய கம்பெனியும்

அன்புள்ள சார்,

சமீபத்தில் ஒரு கட்டுரையில் கிரீன் டே என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘டூக்கி’ ஆல்பத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்து முழுக்கக் கேட்டேன், மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பெரிய கம்பெனிக்கு விலைபோனவர்களாம், கம்பெனி காசு போட்டு உருவாக்கிய குழுவாம், இதையெல்லாம் பங்க் என்றே சொல்லக்கூடாதாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

பங்க் என்பது வேகமான, முரட்டு ராக் இசை. பெரிய கம்பெனிகளை நம்பாமல் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்வதுதான் அதன் பெருமை. உங்கள் நண்பர்கள் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். கம்பெனி உருவாக்கிய குழு என்பது ஒன்று, விலைபோனார்கள் என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவதை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன்.

‘டூக்கி’ 1994 பிப்ரவரி 1 அன்று வார்னர் என்ற பெரிய இசை நிறுவனத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் லேபிளில் வந்தது. அதற்கு முன்பே லுக்அவுட் என்ற சின்ன லேபிளில் இரண்டு ஆல்பங்கள் போட்டிருந்தார்கள். இரண்டாவதான ‘கெர்ப்ளங்க்’ பங்க் ரசிகர்கள் வட்டாரத்தில் நன்றாக விற்றதால்தான் பெரிய கம்பெனிகள் இவர்களைத் தேடி வந்தன. ‘வெல்கம் டு பாரடைஸ்’ என்ற பாட்டு இரண்டு ஆல்பங்களிலும் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறி ஓக்லாந்தில் ஒரு பாழடைந்த இடத்தில் தங்கிய நாட்களைப் பற்றி குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வாசிப்பவர்கள் அதே மூன்று பேர், பாட்டின் மெட்டும் அமைப்பும் அதேதான். ‘டூக்கி’யில் கிட்டார் தடிமனாகக் கேட்கிறது, டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தனியாக விழுகிறது. கம்பெனி கொடுத்தது அதைத்தான்: பெர்க்லியின் ஃபேன்டஸி ஸ்டுடியோவில் நேரம், ராப் கவால்லோ என்ற தயாரிப்பாளரின் காது, முதல் மிக்ஸிங் திருப்தியாக இல்லாதபோது மறுபடி செய்து பார்க்கும் வசதி.

அந்த வசதியை எங்கே பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். ‘லாங்வியூ’வில் சரணம் முழுக்கக் குரலுக்குத் துணை மைக் டர்ன்ட்டின் பேஸும் ட்ரே கூலின் டிரம்ஸும் மட்டும்தான். கிட்டார் பல்லவிக்குத்தான் வருகிறது. வேலைவெட்டி இல்லாமல் டிவி முன்னால் கிடக்கும் ஒருவனின் சலிப்பு அது. பேஸ் சோம்பலாக உருண்டுகொண்டே இருக்க, கிட்டார் திடீரென்று வெடிக்கும்போது அவன் பொறுமை இழப்பது நமக்கே நேர்வது போல இருக்கிறது. ‘பாஸ்கெட் கேஸ்’ நேர்மாறு. அடக்கி வாசிக்கும் கிட்டாரும் குரலும் மட்டும் முதலில் வரும், மற்றவர்கள் பிறகுதான் சேர்வார்கள். தனக்கு வந்துகொண்டிருந்த பதற்றத் தாக்குதல்களைப் பற்றி ஆம்ஸ்ட்ராங் எழுதிய பாட்டு அது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று ஒருவன் கேட்க, லட்சக்கணக்கான பிள்ளைகள் கூடவே சேர்ந்து கத்தினார்கள். இதை எந்த விளம்பரத் துறையாலும் எழுதித்தர முடியாது.

விளம்பரமே இல்லை என்று சொல்லவில்லை. எம்டிவி விடாமல் போட்டது, 1995இல் கிராமியும் கிடைத்தது, அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. ஆனால் கம்பெனி நினைத்தால் ஒரு குழுவை உருவாக்கிவிட முடியும் என்பவர்களிடம் ஜாபிரேக்கரைப் பற்றிக் கேளுங்கள். கிரீன் டே வந்த அதே சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய குழு. அவர்களும் பெரிய கம்பெனிக்குப் போய் 1995இல் ‘டியர் யூ’ வெளியிட்டார்கள். தயாரிப்பாளர் அதே ராப் கவால்லோ. பழைய ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், புதியவர்களும் வரவில்லை. அடுத்த வருடமே குழு கலைந்தது. எனக்கு அது அருமையான ஆல்பம், அதற்கு நடந்தது அநியாயம்.

சரி, விலைபோன விஷயத்துக்கு வருவோம். கிரீன் டே வளர்ந்த இடம் பெர்க்லியில் 924 கில்மன் தெரு. தன்னார்வலர்கள் நடத்தும் அரங்கு. எந்த வயதுப் பிள்ளையும் உள்ளே வரலாம். மது கிடையாது, அடிதடி கிடையாது, இனவெறிக்கும் பெண் வெறுப்புக்கும் இடம் கிடையாது. பெரிய கம்பெனியில் ஒப்பந்தம் போட்ட குழுவுக்கும் அப்போது அங்கே மேடை கிடையாது. கையெழுத்துப் போட்டதும் கிரீன் டேக்கும் கதவு மூடியது. அந்த விதி வயிற்றெரிச்சலில் வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். கம்பெனிகள் முன்பணம் என்று கொடுத்து, ஸ்டுடியோச் செலவு, வீடியோச் செலவு எல்லாவற்றையும் குழுவின் கணக்கிலேயே எழுதிக் கழித்துக்கொள்ளும். பெரும்பாலான குழுக்களுக்குக் கடைசியில் கடன்தான் மிஞ்சும். இசைக்கலைஞரும் ஒலிப்பதிவாளருமான ஸ்டீவ் ஆல்பினி 1993இல் இந்தக் கணக்கை வரி வரியாகப் போட்டே காட்டினார். கில்மன் பிள்ளைகள் தங்கள் கையால் கட்டிய ஒரே இடத்தை இதனிடமிருந்து காப்பாற்ற நினைத்தார்கள். அது நியாயமான பயம்.

கிரீன் டேக்கு அந்த அடி ஆழமாகவே விழுந்திருக்கிறது. அடுத்த ஆல்பமான ‘இன்சோம்னியாக்’கில் ‘86’ என்ற பாட்டே அதைப் பற்றியதுதான். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ராயல்டி பாக்கி விழுந்ததால் 2005இல் தங்கள் பழைய ஆல்பங்களை லுக்அவுட்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சின்ன லேபிள் என்பதாலேயே கணக்கு ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது.

ஆகவே, விலை கொடுத்தார்கள் என்பேன், விலைபோனார்கள் என்று சொல்லமாட்டேன். கொடுத்த விலை தங்கள் ஊர் மேடை. 2015 மே மாதம், தீ விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கு நிதி திரட்ட அதே கில்மனில் வாசித்தார்கள். இடையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அடுத்து என்ன கேட்பது என்றீர்கள். முதலில் ‘கெர்ப்ளங்க்’. அப்புறம் ஆபரேஷன் ஐவி என்ற குழுவின் ‘எனர்ஜி’, 1989இல் லுக்அவுட் வெளியிட்டது, கில்மன் மேடையின் சத்தம் அதில் அப்படியே இருக்கிறது. அது முடிந்ததும் ‘டியர் யூ’. ஒலியை நன்றாகக் கூட்டி வைத்துக் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுதுங்கள். நண்பர்களுக்கும் அதைப் போட்டுக் காட்டுங்கள்.