அதிகம் விற்பவரே ஏமாற்றினால்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மாதா மாதம் டார்கெட்டைத் தாண்டி விற்பவர் ஒருவர். வாடிக்கையாளர்களைக் கேட்காமலே பராமரிப்புத் திட்டம் ஒன்றை பில்லில் சேர்த்திருக்கிறார். சக ஊழியர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எச்சரித்து விட்டுவிடலாமா, வேலையை விட்டே அனுப்ப வேண்டுமா?
– விற்பனை மேலாளர் ஒருவர்

பதில்: பணம் இழந்தவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். அந்த விற்பனையாளர் போட்ட பில்களையெல்லாம் எடுத்துப் பார்த்து, புகார் கொடுக்காதவர்களுக்கும் சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பிறகு அந்த பில்களை முன்னால் வைத்து அவர் தரப்பை எழுத்தில் வாங்குங்கள். தெரிந்தே செய்திருந்தால் அனுப்பத்தான் வேண்டும். நிறைய விற்கிறார் என்று விட்டுவைத்தால், நேர்மையாக விற்று, டார்கெட் எட்டாமல் உங்களிடம் திட்டு வாங்குகிறவர் என்ன நினைப்பார்? விற்பனைக் குழுக்களை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் வேலையை விட்டுப் போகிறவர் அவர்தான்.

அதோடு கதை முடிந்துவிடாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்கு திறந்ததற்காகச் சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை நீக்கியது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்ற நெருக்கடியை மட்டும் தொடவில்லை. போலிக் கணக்குகளும் நிற்கவில்லை. 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்த பிறகுதான் கிளைகளின் விற்பனை இலக்குகளைக் கைவிட்டது. தலைவர் ஜான் ஸ்டம்ப்பும் பதவி விலக நேர்ந்தது.

1992-இல் அமெரிக்காவின் சில்லறை விற்பனை நிறுவனமான சியர்ஸின் கார் சர்வீஸ் மையங்கள் மீது, தேவையில்லாத பழுதுவேலைக்குப் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. முதலில் மறுத்தார்கள். பிறகு தலைவர் எட்வர்ட் பிரென்னன், தாங்கள் வைத்த ஊக்கத்தொகையும் இலக்குகளுமே தவறுக்கு இடம் கொடுத்தன என்று ஒப்புக்கொண்டு, சர்வீஸ் ஆலோசகர்களின் கமிஷனை நிறுத்தினார். தாமதம்தான், ஆனாலும் சரியான இடத்தில் கை வைத்தார்.

உங்கள் நிறுவனத்தில் அந்தப் பராமரிப்புத் திட்டத்துக்கு இன்சென்டிவ் வைத்தது யார்? அந்த விற்பனையாளரின் எண்ணிக்கை திடீரென்று ஏறியபோது ஏன் என்று கேட்காமல் கைதட்டியது யார்? அவர்களும் பதில் சொல்லட்டும், நீங்கள் உட்பட. இனி விற்பனைப் பிரிவில் இல்லாத ஒருவர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே இன்சென்டிவ் போடுங்கள்.

‘சொந்தக் காரணங்களால் விலகினார்’ என்று குழுவுக்கு மெயில் அனுப்பாதீர்கள். எது நடந்தது, எதற்காக நடவடிக்கை என்று நேராகச் சொல்லுங்கள். உங்களிடம் வந்து சொன்ன ஊழியரின் பெயர் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வரக்கூடாது.