கடலில் காணாமல் போனவரின் பெயர்

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் ஆசிரியையாக இருக்கிறேன். கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையிலும் இருக்கிறேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் வெளியே வேண்டாம்.

போன ஆடிக் காற்றில் எங்கள் ஊர் வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. போன நாலு பேரில் ஒரு பையன் நீந்திக் கரையேறினான். இரண்டு பேரின் உடல் கிடைத்தது. ஒருவர் இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கள் ஃபாதர் இளவயதுக்காரர், அவருக்கு இதுதான் முதல் பங்கு. தேடப்போன படகுகளில் அவரும் ஏறிப் போனார். உடல்களை அடையாளம் பார்க்கப் பெண்களை அனுப்பாமல் அவரே ஆஸ்பத்திரியில் நின்றார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது காணாமல் போனவரின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டார். அந்த அக்கா எழுந்து, "எம் புருசன் செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா சாமி?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதிலிருந்து பூசைக்கு வருவதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் கடற்கரையில் இருக்கும் அந்தோணியார் கெபிக்கு (சிறு குகைக் கோயிலுக்கு) வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகிறார்.

ஃபாதரும் அன்றிலிருந்து ஆளே மாறிப்போனார். பிரசங்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. யாரோடும் பேச்சில்லை. வைத்த சாப்பாட்டைச் சமையல்காரம்மா அப்படியே திருப்பி எடுத்துப் போகிறாராம். "சாமியாரே ஒடைஞ்சு போனா நாம எங்கிட்டுப் போறது" என்கிறது ஊர். பேரவையில் பாதிப் பேர், ஆயருக்கு மனுப் போட்டு வேறு சாமியார் கேட்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர், பெரிய குணமளிப்புக் கூட்டம் ஒன்று நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனசில்லை. வேறு என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

*

அன்புள்ள டீச்சருக்கு,

மனு வேண்டாம். இந்த நேரத்தில் அவரை மாற்றினால் உங்கள் ஊர் இன்னொரு ஆளையும் இழக்கும். அவரோ தோற்றுப்போனவராக அடுத்த பங்குக்குப் போவார். அங்கே முதல் சாவு மணி அடிக்கும்போது உங்கள் ஊர்தான் அவர் கண்முன்னால் வந்து நிற்கும். புதிதாக வருகிறவருக்கு அந்த மூன்று பேரும் ஏட்டில் இருக்கிற பெயர்கள், அவ்வளவுதான். அவர்களைத் தேடிக் கடலுக்குப் போனவர் இவர்.

உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியாத வரி, சமையல்காரம்மா திருப்பி எடுத்துப் போகும் அந்தச் சாப்பாடு. நம் ஊர்களில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள் சோறு கொண்டுபோவார்கள். தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பிவிட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து, "ரெண்டு வாய் சாப்பிடு" என்று கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆடியில் உங்கள் ஊர் மூன்று வீட்டுக்குச் சோறு கொண்டுபோயிருக்கும். பங்குமனை நாலாவது சாவு வீடு என்பது யாருக்கும் தோன்றவில்லை. உப்புத் தண்ணீரில் கிடந்த உடல்களைப் பார்த்து இன்னார் என்று சொன்னவர் அவர். குழியை மந்திரித்து முதல் பிடி மண் போட்டவர் அவர். குடும்பஸ்தன் என்றால் வீட்டில் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுவான். இவர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் காலைப் பூசைக்கு எழுந்து வந்திருக்கிறார். மூன்று மாதம் அப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம்தான் நவம்பரில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

அதனால் முதல் வேலையாக, தெருவாரியாகக் கூடிச் செபிக்கிற உங்கள் அன்பியக் குடும்பங்கள் முறை வைத்து இரவுச் சாப்பாடு கொண்டுபோங்கள். கொண்டுபோகிறவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். புத்திமதி வேண்டாம். நவம்பர் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம், அவராக எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் பேரவையில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இறைவாக்கினர் எலியா ஒரு சூரைச்செடிக்கு அடியில் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தூதர் அவரைக் கண்டிக்கவில்லை, தேற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எழுந்து சாப்பிடு என்கிறார். தலைமாட்டில் அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொல்கிறார். கடவுள் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் மறைவட்டத்தில், அதாவது பக்கத்துப் பங்குகளில், பல ஊர்கள் பார்த்த வயதான குரு ஒருவர் இருப்பார். அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். புகார் என்ற தொனி துளியும் வராமல், எங்கள் ஃபாதர் களைத்துப்போயிருக்கிறார், ஒரு வாரம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். திருச்சபைச் சட்டமே குருக்களுக்குத் தியானத்தைக் கடமையாகவும் வருடாந்தர விடுமுறையை உரிமையாகவும் வைத்திருக்கிறது. பங்கு மக்கள் கேட்டுக்கொண்டு அனுப்பினால் ஓடிப்போகிறோம் என்ற கூச்சம் அவருக்கு வராது. தூக்கமின்மையும் சாப்பிடாமையும் அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அந்த ஏர்வாடித் தர்காவிலேயே பிறகு அரசு மனநல மருத்துவர்களை உட்கார வைத்து, துவாவோடு (தொழுகை வேண்டுதலோடு) மருந்தும் கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற வழி இது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, தமிழில் பேசலாம், காசில்லை. கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஃபாதருக்கு மட்டும் என்று இல்லாமல் ஊருக்கே பயன்படும்.

இனி அந்த அக்கா.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. புருசன் இறந்த பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். மூன்றாம் நாள், முப்பதாம் நாள் பூசை, ஆண்டுப் பூசை என்று வரிசையாக இருக்கிறது. புருசன் கடலுக்குப் போய் வராத பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பூ வைப்பதா, தாலியைக் கழற்றுவதா, பிள்ளைகளிடம் அப்பா எங்கே என்று சொல்வது, எதற்கும் விடை கிடையாது. வியட்நாம் போரில் காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களோடு 1970-களில் வேலை செய்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், இந்தத் துக்கம் தனி வகை என்று கண்டு எழுதினார். இதில் மாட்டிக்கொண்டவர்களை "முடிஞ்சு போச்சு, ஏத்துக்க" என்று நெருக்கினால் வேதனைதான் கூடும், இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டு வாழ அவர்களுக்குத் துணை வேண்டும் என்பது அவர் சொன்னது. உங்கள் அக்கா யாரும் சொல்லாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் என்பது நம் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லறையை விட்டுவிட்டுக் கெபிக்குப் போகிறவர், எந்தப் பட்டியலில் தன் புருசன் பெயர் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை ஃபாதர் அந்தக் கெபிக்குப் போகட்டும். அங்கியும் மைக்கும் வேண்டாம். நீங்களும் கூடப் போங்கள். அந்த அக்கா அனுமதித்தால் தானும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, "உங்களைக் கேக்காம நான் வாசிச்சிருக்கக் கூடாதும்மா" என்று சொன்னால் போதும். அவர் பதில் பேசாமல் போனால் அடுத்த செவ்வாயும் போகட்டும். ஞாயிறு பூசையில், மன்றாட்டுக்களில், "கடலிலிருந்து இன்னும் திரும்பாதவர்களுக்காக" என்று ஒரு வரி சேர்க்கலாம். பெயர் சொல்வதா வேண்டாமா என்பது அக்காவின் விருப்பம். உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி வைக்கத் திருச்சபையில் அனுமதி இருக்கிறது. அதைக் காட்டிச் சொந்தக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், வெறும் பெட்டியைப் புதைக்கலாம் என்றுகூடச் சொல்வார்கள். அந்த அனுமதி குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வந்தது. அந்த நாளை அக்காதான் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் ஆனாலும் சரி, பத்து வருடம் ஆனாலும் சரி.

காகித வேலையைப் பேரவை எடுத்துக்கொள்ள வேண்டும். மரைன் போலீசில் கொடுத்த புகாரின் நகல், மீன்வளத்துறைக்கு மனு, நலவாரிய அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம். ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் 2017-இல் ஒக்கிப் புயலில் காணாமல் போன குமரி மாவட்ட மீனவர்களின் குடும்பங்களை ஏழு வருடம் காக்க வைக்காமல் அரசு நிவாரணம் கொடுத்தது. அதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம். மேஜை மேஜையாக "செத்தாரா, இல்லையா" என்று அந்தப் பெண்ணைக் கேட்க விடாதீர்கள். கூட ஒரு ஆள் போய் அவர் சார்பில் பேசட்டும். கையெழுத்துப் போடுவதால் அவர் நம்பிக்கையைக் கைவிட்டதாக ஆகாது என்பதை ஃபாதரே அவரிடம் சொல்வது நல்லது.

குணமளிப்புக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டங்களால் தேறியவர்களை எனக்குத் தெரியும், பொதுவாக அவற்றுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இந்த வருடம் உங்கள் கரையில் வேண்டாம். யாராவது மேடையேறி, விசுவாசத்தோடு செபித்தேன், புயலிலிருந்து ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்வார்கள். ஒலிபெருக்கி அதை மூன்று வீட்டுக்கும் கொண்டுபோகும். அப்படியானால் எங்கள் ஆள் செபிக்கவில்லையா என்று அந்த வீடுகளில் நினைக்க மாட்டார்களா?

அழவிட்டாலே பாதி பாரம் இறங்கும். அதற்கு நம் கோயிலில் வழி இல்லாமல் இல்லை. வேதத்தில் உள்ள 150 திருப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். 88-ஆவது திருப்பாடல் ஒரு சொல் ஆறுதல்கூட இல்லாமல் இருளில் முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஒப்பாரி கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்று சொன்ன குருக்கள் இருந்தார்கள். அவர்கள் காலத்திலும் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டு நம் பாட்டிமார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தன் பிள்ளைக்காக அழ வேண்டியதையும் மாதாவின் பிள்ளைக்காக அழுவதோடு சேர்த்து அழுதவர்கள் அவர்கள். உங்கள் ஊரில் அப்படிப் பாடத் தெரிந்த கிழவிகள் இரண்டு பேராவது இருப்பார்கள். இந்தத் தவக்காலத்தில் அன்பியக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். ஃபாதர் பின்வரிசையில் உட்காரட்டும், அன்றைக்கு அவர் எதையும் நடத்த வேண்டாம்.

நீந்தி வந்த பையனைப் பற்றி ஒரே வரியோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு அவன் நினைப்பாகவே இருக்கிறது. மூன்று பேரை விட்டுவிட்டு வந்தவன் என்ற பார்வை அவன் மேல் விழும். யாரும் பார்க்காவிட்டாலும் அவனே அப்படி நினைத்துக்கொள்வான். கடலுக்குப் போகிறானா, குடிக்கிறானா, இறந்தவர்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறானா என்று விசாரியுங்கள். தேடப்போன ஆண்கள் எல்லோரிடமும் ஒரு கண் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தொழில் நடக்கும்போது உள்ளே அமுங்கிக் கிடப்பதெல்லாம், வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மேலே வரும். ஃபாதர் அந்த இரண்டு மாதமும் சாயங்காலம் வலை பொத்துகிற இடத்தில் அவர்களோடு போய் உட்கார்ந்தாலே போதும், தனியாகக் கூட்டம் போட வேண்டியதில்லை.

எத்தனை நாளில் சரியாகும் என்று பேரவையில் கேட்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாசஞ்சர் ரயில் ஒன்று ஆட்களோடு கடலில் போனது. உடைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். அந்த ஊரிலிருந்து தப்பி ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குடியேறிய குடும்பங்களில், இன்றைக்கும் டிசம்பர் வந்தால் போனவர்களின் பெயரைச் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. அவர்கள் பிள்ளை பெற்றார்கள், படகு வாங்கினார்கள், கொடியேற்றி திருவிழாக் கொண்டாடினார்கள், பெயரையும் மறக்கவில்லை. உங்கள் ஊரும் அப்படித்தான் எழுந்திருக்கும். திருவிழாவை இந்த வருடம் நிறுத்தாதீர்கள். மேளமும் சப்பரமும் எந்த அளவுக்கு என்பதை மட்டும் மூன்று வீட்டிலும் போய்க் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் மனுப் பேச்சு எழுந்தால், அதற்கு முன்னால் சாப்பாட்டு முறைப் பட்டியலை எடுத்து மேஜையில் வையுங்கள். முதல் பெயர் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். தவக்காலம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பையனைப் பற்றியும் எழுதுங்கள்.

அன்புடன்