இ-ரூபாய், பிட்காயின், யூஎஸ்டிடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டிஜிட்டல் பணத்தை பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தோம், கடிதமும் வாட்ஸ்அப்பும் நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி கேள்விகளை சேத்து இந்த தடவை ஆறு மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: மளிகைக் கடை வெச்சிருக்கேன். க்யூஆர் கோடு ஒட்டியிருக்கேன், பாதி வியாபாரம் ஜிபேலதான். இப்ப பேங்க்ல இருந்து வந்து இ-ரூபாய் ஆப் போட்டுக்கோங்கன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே, இது எதுக்கு? (திண்டுக்கல் வாசகர்)

பாக்கறதுக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கும் அண்ணே, உள்ள ரெண்டும் வேற வேற. உங்க கடையில ஒருத்தர் 340 ரூபாய்க்கு அரிசி பருப்பு வாங்கிட்டு ஸ்கேன் பண்றாருன்னு வைங்க, அவரோட பேங்க் அவர் கணக்குல 340ஐ கழிக்குது, உங்க பேங்க் உங்க கணக்குல 340ஐ கூட்டுது, அவ்வளவுதான். உங்க போனுக்கு வந்தது பணம் இல்ல, பணம் ஏறிடுச்சுங்கற தகவல். பணம் முழுக்க பேங்க் கணக்குக்குள்ளயேதான் இருக்கு.

பேங்க்ல இருக்கறது என் பணம்னு நாம எல்லாரும் சொல்றோம், ஆனா கணக்குப்படி அது பேங்க் நமக்கு தர வேண்டிய கடன். பேங்க் திவாலானா வட்டியும் சேத்து 5 லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ். இ-ரூபாய் அப்படி இல்ல, அது ரிசர்வ் வங்கியே வெளியிடற டிஜிட்டல் பணம், உங்க கல்லாப்பெட்டியில இருக்கற நூறு ரூபாய் நோட்டு மாதிரி, அதுக்கு பொறுப்பு நேரா ரிசர்வ் வங்கி. அதை போன்ல வெச்சுக்கற வாலட்டை, அதாவது பணப்பை மாதிரி ஒரு ஆப்பை, பேங்க் உங்களுக்கு தர்றதோட சரி. நோட்டுக்கு வட்டி கிடையாதுல்ல, அதே மாதிரி இதுக்கும் கிடையாது.

2022 டிசம்பர் 1ஆம் தேதி மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர்ல சோதனையா ஆரம்பிச்சாங்க. 2025 மார்ச் முடிவுல புழக்கத்துல இருந்த இ-ரூபாய் 1,016 கோடி. ஒரு நாட்டுக்கு இது சின்ன தொகைதான், ஏன்னா யூபிஐ நமக்கு அவ்வளவு பழகிடுச்சு, 2025 ஆகஸ்ட்ல மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல யூபிஐல பணம் மாறியிருக்கு. இ-ரூபாய் ஆப்ல இருந்தே யூபிஐ க்யூஆரை ஸ்கேன் பண்ணலாம், அதனால கஸ்டமர் அதுல கட்டினாலும் இப்ப ஒட்டியிருக்கற அட்டையே போதும். நீங்க அவசரப்பட்டு எதையும் மாத்த வேண்டாம்.

ஆனா ஒரு விஷயத்தை நாம எல்லாரும் கவனிச்சுட்டே இருக்கணும். இந்த பணத்துக்கு நிபந்தனை போட முடியும், அதாவது இந்த தொகையை உரம் வாங்க மட்டும்தான் செலவு பண்ணலாம், இந்த தேதிக்குள்ளதான் செலவு பண்ணலாம்னு பணத்துக்குள்ளயே எழுதி வைக்கலாம். மானியம் இடையில காணாம போகாம விவசாயி கையில போய் சேரணும்னா இது நல்ல வழி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நான் உழைச்சு சம்பாதிச்ச காசை எங்க செலவு பண்ணணும்னு வேற ஒருத்தர் சொல்ற நிலைமை வந்துடக் கூடாது. நோட்டுக்கு அந்த சுதந்திரம் இருக்கு, இ-ரூபாய்க்கும் அது வேணும்னு இப்பவே கேக்கணும், எல்லாம் முடிவான பிறகு கேட்டு பிரயோஜனம் இல்ல.

கேள்வி: பி.காம் படிக்கிறேன். பிளாக்செயின்ல யாராலயும் எதையும் திருத்த முடியாதுன்னு க்ளாஸ்ல சொல்றாங்க. அப்புறம் எப்படி கோடிக்கணக்குல கிரிப்டோ திருட்டு போகுது? (ஈரோடு மாணவி)

ரொம்ப நல்ல கேள்விம்மா. எங்க அம்மா மகளிர் குழுவுல இருந்தாங்க, 12 பேர், வாரம் 50 ரூபாய் சேமிப்பு. கணக்கு நோட்டு தலைவி வீட்டு பீரோலதான் இருக்கும். ஒரு வருஷம் யாரோ ஒரு 500க்கு பின்னாடி ஒரு சைபர் போட்டுட்டாங்க, அது எப்ப நடந்துச்சு யார் பண்ணாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல, குழுவே உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஆரம்பிச்ச குழுவுல அம்மா ஒரு ஏற்பாடு பண்ணாங்க. 12 பேரும் ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வாரமும் மொத்த கணக்கையும் எல்லாரும் எழுதிக்கணும், ஒவ்வொரு பக்கமும் முந்தின பக்கத்து மொத்தத்தை மேல எழுதிட்டுதான் ஆரம்பிக்கணும். இப்ப ஒருத்தர் பழைய பக்கத்துல கை வெச்சா அதுக்கு பின்னாடி இருக்கற எல்லா பக்கமும் தப்பா போகும், அப்படியே அத்தனையையும் திருத்தினாலும் மத்த 11 நோட்டு காட்டிக் கொடுத்துடும்.

பிளாக்செயினும் இதேதான், என்ன, 12 நோட்டுக்கு பதிலா உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல நோட்டு. முந்தின பக்கத்து மொத்தத்துக்கு பதிலா ஹாஷ்னு ஒண்ணு, அந்த பக்கத்தோட கைரேகைன்னு வெச்சுக்கோ, உள்ள ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுசா மாறிடும். 2008 அக்டோபர் 31ல சதோஷி நாகமோட்டோங்கற பேர்ல ஒருத்தர் இதை எழுதி வெளியிட்டார், 2009 ஜனவரி 3ல பிட்காயின்ங்கற டிஜிட்டல் காசோட முதல் பக்கம் எழுதியாச்சு. இப்படி பிளாக்செயின்ல ஓடற காசைத்தான் கிரிப்டோன்னு சொல்றோம். ஏறக்குறைய 10 நிமிஷத்துக்கு ஒரு புது பக்கம். அந்த பக்கத்தை சேக்கறவங்களுக்கு கூலியா புது பிட்காயின் கிடைக்கும், ஆரம்பத்துல 50 இருந்துச்சு, 2024 ஏப்ரல்ல இருந்து 3.125தான். மொத்தமா 2.1 கோடி பிட்காயினுக்கு மேல வரவே வராது.

சரி, திருட்டு எப்படி நடக்குதுன்னா, நோட்டை யாரும் திருத்தல, சாவியைத்தான் திருடறாங்க. சாவின்னா காயினை அனுப்ப கையெழுத்து போடற ரகசிய எண். நம்ம ஊர்ல கிரிப்டோ வாங்கறவங்கள்ல பெரும்பாலானவங்க சாவியை தங்கிட்ட வெச்சுக்கறது இல்ல, காயினை வாங்க விக்க உதவற எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துகிட்டதான் இருக்கு. 2024 ஜூலைல வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து சுமார் 23 கோடி டாலர், ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் போச்சே, அப்ப பிளாக்செயின் ஒழுங்காதான் வேலை செஞ்சுது. கையெழுத்து போட வேண்டியவங்களுக்கு திரையில ஒண்ணை காட்டி வேற ஒண்ணுக்கு கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு அந்த நிறுவனமே சொல்லுச்சு. கையெழுத்து சரியா இருந்ததால கணக்கும் அதை சரின்னு ஏத்துக்கிச்சு. திருத்தவே முடியாதுங்கறது இங்க நமக்கு எதிரா திரும்பிடுது, பேங்க்ல தப்பா போன பணத்தை நிறுத்த, திருப்ப ஒரு ஆள் இருக்கார், இதுல அப்படி யாரும் இல்ல.

அந்த திருட்டுக்கு அப்புறம் எல்லாரோட கணக்கையும் முடக்குனப்ப, தன்னோட காயின் திருட்டு போனதுல சேராதுன்னு ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு போனாங்க. 2025 அக்டோபர்ல வந்த உத்தரவுல கிரிப்டோவும் ஒரு சொத்துதான், அதை ஒருத்தர் உடைமையா வெச்சிருக்கலாம், இன்னொருத்தர் பொறுப்புல ஒப்படைக்கவும் முடியும்னு நீதிமன்றம் சொல்லியிருக்கு. உன் ப்ராஜெக்ட்டுக்கு அதை தேடிப் படி, உதவும்.

கேள்வி: பிட்காயின் வாங்குறது சட்டப்படி தப்பா? டாக்ஸ் எவ்வளவு? (நாகர்கோவில் வாசகர்)

தப்பு இல்ல. கிரிப்டோ தொழிலுக்கு பேங்க் சேவை தரக் கூடாதுன்னு 2018ல ரிசர்வ் வங்கி போட்ட தடையை 2020 மார்ச் 4ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. ஆனா கடையில அதை வாங்கியே ஆகணும்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அது செலாவணி இல்ல. டாக்ஸ் லாபத்துல 30 சதவீதம், அந்த வரி மேல செஸ் 4 சதவீதம், விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிச்சுக்கற வரி. நிறைய பேர் அடிபடற இடம் எதுன்னா, ஒரு காயின்ல 40,000 லாபம், இன்னொண்ணுல 40,000 நஷ்டம், கையில ஒண்ணும் மிஞ்சலன்னாலும் அந்த லாபத்துக்கு 12,480 ரூபாய் கட்டியே ஆகணும், நஷ்டத்தை கழிக்க விடமாட்டாங்க. இதை தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.

கேள்வி: சவூதி தம்மாம்ல வேலை பாக்குறேன், ஊர் ராமநாதபுரம் பக்கம். யூஎஸ்டிடி வாங்கி ஊர்ல இருக்கற தம்பிக்கு அனுப்பு, அவன் அங்க வித்துக்கட்டும், ரேட்டும் அதிகம், நிமிஷத்துல போகும்னு ரூம்ல இருக்கறவங்க சொல்றாங்க. செய்யலாமா?

தம்பி, உங்க ஆசை நியாயமானதுதான். உலக அளவுல 200 டாலர் அனுப்பினா சராசரியா 6 சதவீதத்துக்கு மேல வழியிலயே போயிடுது. வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுல அவ்வளவு போறது கொடுமைதான். அந்த காலத்துல பர்மாவுலயும் மலாயாவுலயும் இருந்த நம்ம ஆளுங்க செட்டியார் கடையில பணத்தை கட்டினா உண்டியல் சீட்டை காட்டி காரைக்குடி பக்கம் பணம் வாங்கிக்கலாம், காசு கடல் தாண்டாமலே போய் சேந்துடும். யூஎஸ்டிடியும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் பண்ணுது, ஒரு காயினுக்கு ஒரு டாலர்னு டெதர் நிறுவனம் 2014ல இருந்து நடத்துது. இந்த மாதிரி காயின் வெளியிடறவங்க ஒண்ணுக்கு ஒண்ணு கையிருப்பு வைக்கணும்னு 2025 ஜூலைல அமெரிக்காவுல சட்டமே வந்திருக்கு. 2022 மே மாசம் டெரா யூஎஸ்டின்னு ஒண்ணு சில நாள்லயே ஒண்ணுமில்லாம போச்சு, அதுக்கு பின்னாடி நிஜமான டாலர் இருப்பு இல்ல, அதுக்கு அப்புறம்தான் இந்த கவலை எல்லாம் பெருசாச்சு.

ஆனா உங்க விஷயத்துல காயினை விட பெரிய ஆபத்து தம்பியோட பேங்க் கணக்குலதான் இருக்கு. அவர் யூஎஸ்டிடியை பி2பில, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியா, விப்பார், முன்பின் தெரியாத ஒருத்தர் 80,000 ரூபாய் போடுவார், இவர் காயினை விட்டுடுவார், எல்லாம் சுமூகமா முடிஞ்ச மாதிரி இருக்கும். அந்த 80,000 ஆன்லைன் மோசடியில யாரோ ஒரு அம்மா ஏமாந்த காசா இருந்துச்சுன்னா? அவங்க சைபர் மோசடி புகார் எண் 1930க்கு போன் பண்ணி புகார் கொடுத்ததும் போலீஸ் அந்த பணம் எந்தெந்த கணக்கு வழியா போச்சோ வரிசையா பிடிச்சுட்டே வந்து உங்க தம்பி கணக்கையும் முடக்கிடும். புகார் கொடுத்த ஊர் எங்கயோ வட மாநிலத்துல இருக்கும், தம்பி கையில எந்த ரசீதும் இருக்காது. நான் பேங்க் கவுண்டர்ல இருந்த காலத்துல இப்படி ஒரு பையன் வந்தான், அக்கா கல்யாணத்துக்கு பத்து நாள்தான் இருந்துச்சு, மொத்த பணமும் அந்த கணக்குல மாட்டிக்கிச்சு, நான் தப்பு பண்ணலைங்கன்னு அவன் சொன்னது உண்மைதான், ஆனாலும் என்னால எதையும் எடுத்துக் கொடுக்க முடியல. இன்னும் அந்த முகம் எனக்கு மறக்கல.

அதோட அந்நியச் செலாவணி விதிப்படி வெளிநாட்டு சம்பளம் அனுமதி பெற்ற வழியிலதான் ஊருக்கு வரணும். பேங்க்லயோ எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ்லயோ நாலு இடத்துல ரேட் கேட்டு எது குறைவோ அதுல அனுப்புங்க, முடிஞ்சா உங்க பேர்லயே என்ஆர்ஈ கணக்கு, அதாவது வெளிநாட்டுல வேலை பாக்கறவங்களுக்கான கணக்கு, வெச்சுக்கோங்க, அந்த வட்டிக்கு இங்க வரி இல்ல, நாளைக்கு வீடு கட்ட லோன் கேக்கும்போது பணம் வந்ததுக்கு ஆதாரமும் இருக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேந்திருக்கார். புது காயின், தினம் 1 சதவீதம் லாபம், ஆள் சேத்தா கமிஷன். தாலிச்செயினை தவிர மீதி நகையை அடகு வைக்கலாம்னு சொல்றார். என்ன பண்றது? (கும்பகோணம் வாசகி)

வைக்காதீங்க அக்கா. தினம் 1 சதவீதத்தை அப்படியே சேத்துட்டே போனா 1 லட்சம் ஒரு வருஷத்துல 37 லட்சத்துக்கு மேல ஆகணும், அப்படி தர்ற தொழில் உலகத்துல எங்கயும் கிடையாது. அதை நடத்தறவங்க பேர், எந்த ஊர் முகவரி, எந்த எக்ஸ்சேஞ்ச்ல அதை வித்து ரூபாயா எடுக்கலாம், இந்த மூணையும் அவரையே கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ஆப்ல காட்டுற லாபத்தை நம்பாம ஒரு 5,000 ரூபாயை வெளிய எடுக்க சொல்லிப் பாருங்க, ஆனா முதல் தடவை கொடுத்துட்டாங்கன்னு நம்பிடாதீங்க, பெரிய தொகையை போட வைக்க அப்படி கொடுப்பாங்க. ஏற்கனவே பணம் போட்டிருந்தா இன்னைக்கே 1930க்கு போன் பண்ணுங்க, முதல் சில மணி நேரத்துல சொன்னா நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அவர்கிட்ட சண்டை போடாம பேசுங்க, அவரும் குடும்பத்துக்காகத்தான் நினைச்சிருப்பார்.

கேள்வி: இன்னும் 10 வருஷத்துல நோட்டே இல்லாம போயிடுமா? (மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

போகாதுன்னுதான் எனக்கு தோணுது சார். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னு அறிவிச்சப்ப புழக்கத்துல இருந்த நோட்டு 17 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. இத்தனை யூபிஐ வந்த பிறகும் 2025 மார்ச்ல அது 36 லட்சம் கோடிக்கு மேல. மக்கள் செலவுக்கு போனை எடுக்கறாங்க, பத்திரமா வைக்க நோட்டை எடுக்கறாங்க. இ-ரூபாயை நெட் இல்லாம அனுப்பற வசதியையும் கொண்டு வந்திருக்காங்க, அது நல்லா வரணும்னு ஆசைப்படறேன், ஆனா போன்ல சார்ஜ் இல்லன்னா அதுவும் நின்னுடும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப நான் வேதாரண்யம் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு போனேன், கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு, டவர் இல்ல, ஏடிஎம் இல்ல. மண்ணெண்ணெயும் பால் பாக்கெட்டும் நோட்டுக்குத்தான் கிடைச்சுது, அதுவும் சில்லறை இருந்தவங்களுக்கு. நான் இன்னைக்கும் வீட்டு அரிசி டப்பாவுல 2,000 ரூபாய்க்கு நூறும் அம்பதுமா வெச்சிருக்கேன், நீங்களும் வைங்க சார்.