நேற்று எழுதியது நாட்டுப்புறப் பாட்டா?

கேள்வி: எங்கள் பகுதியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நாட்டுப்புற இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அனுமதி இலவசம். போன மாதம் வந்த இளைஞர் கிடாரை மாட்டிக்கொண்டு தானே எழுதிய பாட்டுகளையே கடைசிவரை பாடினார். ஒரு தெம்மாங்கு இல்லை, ஒரு கும்மி இல்லை. நாட்டுப்புறப் பாட்டு என்றால் யார் எழுதியது என்றே தெரியாமல் வழிவழியாக வருவதுதானே? பழைய பாட்டைத்தான் பாட வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் சொல்லக் கூடாதா? சத்தம் வேறு காதைக் கிழிக்கிறது.
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: சத்தத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

யார் எழுதியது என்றே தெரியாமல் என்கிறீர்களே, யாருக்குத் தெரியாமல்? நடவு வயலில் ஒருத்தி முதல் அடியை எடுத்துக் கொடுத்திருப்பாள், இன்னொருத்தி அதற்கு மேல் கட்டியிருப்பாள். அவர்கள் யார் என்று அந்த ஊருக்குத் தெரியும். நோட்டுப் புத்தகமும் டேப் ரெக்கார்டருமாகப் போய்ப் பாட்டை எடுத்துவந்தவர்களில் பலர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பல வாய் மாறி வந்த பாட்டு என்பது உண்மை. அந்தப் பல வாய்களும் ஆட்களுடையவைதானே ஐயா?

ஒப்பாரியை உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? தங்கம், முத்து, மேனி என்று வருகிற அடிகள் எல்லாம் பொது. எந்த வீட்டு ஒப்பாரியிலும் வரும். அதைப் பிடித்துக்கொண்டே நாலாவது அடியில், பாகப் பிரிவினையில் பெரியவன் செய்ததையும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வராததையும் சேர்த்து விடுவார்கள். சம்பந்தப்பட்டவர் பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்க முடியாது. அந்த நாலாவது அடி வழிவழியாக வந்ததா? அந்த நிமிடத்தில் அந்த அம்மாள் கட்டியது.

நம் சென்னைக் கானா இன்னும் வெளிப்படை. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ சாவு வீட்டில் ராத்திரி கச்சேரி என்றால், பாடுபவர் முதலில் வீட்டுக்காரர்களிடம் விவரம் கேட்பார். இறந்தவர் பெயர், பார்த்த வேலை, பிள்ளைகள் பெயர், மருமகன் பெயர். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். டோலக் தொடங்கியதும் அத்தனை பெயரும் மெட்டுக்குள் வந்து உட்காரும். அந்த வீட்டுக்கென்று அன்று ராத்திரி எழுதப்பட்ட பாட்டு அது. உங்கள் கணக்குப்படி அது நாட்டுப்புறப் பாட்டே ஆகாது!

காவடிச் சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரைக் கேட்டாலும் நாட்டுப்புறம் என்பார்கள். அதற்கு அந்த வடிவத்தைக் கொடுத்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். முப்பது வயதைக்கூடத் தொடாமல் போனவர். கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனவர்கள் யாரும் 'இது நேற்றுப் பையன் எழுதியது, பாட மாட்டோம்' என்று சொல்லவில்லை. பாவலர் வரதராசனும் அப்படித்தான். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தன் பாட்டைத் தானே பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்தில் அவர் பாட்டுக்குக் கூடிய கூட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இளையராஜாவின் அண்ணன் என்றால்தான் பலருக்குப் புரியும் என்பது வேறு வருத்தம்.

சென்னைக்கே வருகிறேன். நூறு வருடம் முன்பு குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றது. கொலை நடந்தால் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. தெருமுனையில் பாடிக் காட்டித்தான் விற்பார்கள். சாணித்தாள் அட்டையில், இன்னார் இயற்றியது என்று பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவர்களுக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதில் கூச்சம் இருந்ததில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை போனபோது தான் இயற்றியதைத்தானே பாடினார்? 1973 வரை நம்மோடு இருந்தவர். அவர் பாட்டைச் சபாவில் பாடினால் மரபு என்று தலையாட்டுகிறோம். அதே ஊரில் குப்பத்துப் பையனோ காலனிப் பெண்ணோ தன் பாட்டைத் தானே பாடினால், மரபு எங்கே என்று சீட்டு எழுதி அனுப்புகிறோம். ஒரு பக்கம் ஆளுக்கு, சொல்லும் மெட்டும் தானே அமைப்பவர் என்று வாக்கேயக்காரர் பட்டம்; மறுபக்கம் ஆளே இருக்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

கிடார் உறுத்துகிறதா? வயலினும் கப்பலில் வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி இந்த ஊர்ப்பக்கம், மணலியில் இருந்தபோது ஐரோப்பியரிடம் கற்றது. தெருக்கூத்தில் ஆர்மோனியப் பெட்டி இல்லாமல் இன்று யார் அடவு கட்டுகிறார்கள்? விடுங்கள்.

எழுதியவர் பெயர் இல்லாத பாட்டு யாருக்கு வசதி என்பதுதான் எனக்கு முக்கியம். நம் நாட்டுச் சட்டப்படி பாட்டு எழுதியவருக்கு ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 வருடமும் உரிமை உண்டு. 2012இல் கொண்டுவந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை இன்னும் உறுதியாக்கியது. 'மரபுப் பாடல்' என்று ஒரு முத்திரை குத்தினால் போதும், இதெல்லாம் போச்சு. எவரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பாடியவருக்குச் சால்வையும் ஒரு போட்டோவும்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியபோதும், 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழா தொடங்கியபோதும் கூட்டம் அள்ளியது. பறையும் கானாவும் மேடைக்கு வந்ததோடு நிற்கவில்லை. எங்கள் பாட்டு, நாங்கள் எழுதியது, எங்களைப் பற்றியது என்று மைக்கில் சொன்னார்கள். சிலருக்கு அதுதான் உறுத்தியது. உங்களுக்கும் அதுதானா என்று எனக்குத் தெரியாது. தனியாக இருக்கும்போது யோசித்துப் பாருங்கள்.

அதற்காக, சொந்தமாக எழுதிவிட்டாலே நல்ல பாட்டு என்று சொல்ல வரவில்லை. இந்த மாலைக் கச்சேரிகளில் நானும் நிறையச் சகித்திருக்கிறேன். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர் சாலையைத் தாண்டாத பிள்ளைகள் ஆத்தா, அருவா, கருவாடு என்று நாலு வார்த்தையைத் தூவிவிட்டு மண்ணின் மணம் என்பார்கள். அவர்கள் தங்கள் கம்பெனி பஸ்ஸைப் பற்றியும் மேன்ஷன் மூட்டைப்பூச்சியைப் பற்றியும் பாடினால் நான் முதல் வரிசையில் உட்காருவேன். பாட்டு சரியில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் சேர்ந்து திட்டியிருக்கலாம். புதுசு என்று புகார் சொல்கிறீர்கள்.

அமைப்பாளர்களிடம் சொல்லத்தான் வேண்டும். பழைய பாட்டைப் பாடினால் யாரிடம் கற்றது என்று மேடையில் சொல்லச் சொல்லுங்கள். நோட்டீசில் பாட்டு எழுதியவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் அன்றைக்கே பணம் எண்ணிக் கொடுக்கிறார்கள். பாடுபவரிடம் மட்டும் 'உங்களுக்கு ஒரு வாய்ப்பு, தம்பி' என்கிறார்கள். அனுமதி இலவசம் என்றீர்களே, அதன் செலவை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வாசலில் ஒரு உண்டியல் வைத்தால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?

இனி சத்தம். இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். இருநூறு நாற்காலி போட்ட இடத்துக்கு மாநாட்டு ஸ்பீக்கர் எதற்கு? கீபோர்டும் டிரம்ஸும் மேலே ஏறி நின்றால் சொல் எப்படிக் கேட்கும்? சொல் கேட்காவிட்டால் அந்தப் பையன் என்ன எழுதினான் என்றே நமக்குத் தெரியப்போவதில்லை. கடிதம் எழுதுங்கள், கீழே என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.